கண்ணாடி அக்கா அனுப்பிய வண்டி

அந்தத் தெருவுக்குப் பொழுது விடிவதே சாயங்காலத்தில்தான். பகலெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கி வழியும் கடைகள், இருட்டுகிற நேரத்தில் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும். மாடியில் பாட்டு நடக்கும் பார்கள், நடைபாதை வரைக்கும் நாற்காலி போட்ட உணவகங்கள், நடன அரங்குகள், விடிய விடிய வியாபாரம் நடக்கும் துணிக்கடைகள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊரில் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அந்தத் தெருவைப் பார்க்காமல் விமானம் ஏறமாட்டார்கள்.

தெரு முனையில், டாக்சி ஸ்டாண்டுக்குத் திரும்பும் இடத்தில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. மேலே ‘பயணிகள் உதவி மையம்’ என்று பலகை எரியும். உள்ளே ஒரு மேஜை, ஒரு போன், ஊர் வரைபடங்கள், முதலுதவிப் பெட்டி, பேசுவதற்கு ஒரு மைக். வெளியே நிற்பவர்கள் பேச ஒரு மைக், கேட்க ஒரு ஸ்பீக்கர். மாலையிலிருந்து நள்ளிரவு வரை உள்ளே உட்கார்ந்திருப்பவளைத் தெருவே கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிட்டது. அறையும் கண்ணாடி, மூக்கின் மேலும் தடித்த கண்ணாடி. பெயர் வைத்தவனைக் குறை சொல்ல முடியாது.

எங்கே நல்ல பாட்டு கேட்கலாம், எந்த மொட்டைமாடியில் உட்கார்ந்தால் ஊர் முழுக்கத் தெரியும் என்றெல்லாம் வருகிறவர்களுக்குச் சொல்வது அவள் வேலை. அதைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவாள். அதற்கடுத்து வருவதுதான் அவளுக்குப் பிடித்த பகுதி.

“உட்காருறதுக்கு முன்னாடியே விலை என்னன்னு கேட்டுக்குங்க. கிளாஸை மேஜையில வச்சிட்டு எந்திரிச்சுப் போகாதீங்க. போனீங்கன்னா, திரும்பி வந்து அதைக் குடிக்காதீங்க. புதுசாப் பழகினவங்க இதைவிட நல்ல இடம் காட்டுறேன்னு கூப்பிட்டா மாடிப்படி ஏறாதீங்க. ரோட்டுல போற வண்டியைக் கை காட்டி நிறுத்தாதீங்க. இந்தா, இந்தப் பக்கம் ஸ்டாண்டு இருக்கு, அங்க போய் ஏறுங்க. எந்த ஹோட்டல்?”

ஹோட்டல் பெயரைச் சொன்னால் எந்த வழியாக வண்டி போகவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவாள்.

இந்த வேலைக்கு வந்ததால் அவளுக்குச் சந்தேகம் வந்ததா, சந்தேகம் இருந்ததால் இந்த வேலை கிடைத்ததா என்று கேட்டால் வீட்டில் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். பால் பாக்கெட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்ததை இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் விழுங்கமாட்டாள். கல்யாண வயதில் ஒரு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அவள் விசாரித்த விசாரிப்பில் அவர்களே பயந்து ஒதுங்கிவிட்டார்கள். “கடவுளே நேர்ல வந்து வரம் குடுத்தாலும் அக்கா அடையாள அட்டை கேப்பாங்க” என்று தம்பி மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்.

தம்பியை வீட்டில் சின்னவன் என்பார்கள். நாற்பதை நெருங்கி, அவன் வருவதற்கு முன்னால் அவன் தொப்பை வந்து சேர்ந்தாலும் அவன் சின்னவன்தான். டாக்சி ஓட்டுகிறவன். கீழ்வீட்டில் அவனும் மனைவியும், மாடி அறையில் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கு இந்த உலகத்தில் விசாரிக்காமல் நம்புகிற ஆள் ஒருவன் உண்டென்றால் அது அவன்தான். தினமும் வேலை முடிந்ததும் அவன் வண்டியில்தான் வீட்டுக்கு வருவாள். ஊராரையெல்லாம் ஸ்டாண்டுக்கு அனுப்புகிறவள், தான் மட்டும் ஒருநாளும் ஸ்டாண்டு வண்டியில் ஏறியதில்லை.

ஒரு சாயங்காலம் அவள் அறையைத் திறந்து விளக்கைப் போட்டதும், அதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு பெண் வந்து நின்றாள். முந்தின நாள் வந்து விவரம் கேட்டவள்தான். வேறு நாட்டில் நர்ஸாக வேலை பார்க்கிறவள், விடுமுறைக்குத் தனியாக வந்தவள். நேற்று அவள் தோளில் தொங்கிய பச்சைப் பை இன்றைக்கு இல்லை.

“நீங்க சொன்னபடிதான் எல்லாம் செஞ்சேன்” என்றாள் நர்ஸ். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

கண்ணாடி அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். நடந்ததை நர்ஸ் வரிசையாகச் சொன்னாள். பாட்டு கேட்டிருக்கிறாள், கிளாஸைக் கையைவிட்டு இறக்கவில்லை, யாரோடும் பேசவில்லை. நேராக ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். வரிசையில் நிற்கப் போகும்போது தொப்பி போட்ட டிரைவர் ஒருவன் எதிரே வந்திருக்கிறான்.

“கண்ணாடி அக்கா அனுப்பினாங்கன்னு சொன்னான். என் ஹோட்டல் பேரையும் அவனே சொன்னான். பச்சைப் பை வச்சிருக்கிற பொண்ணுன்னு சொன்னாங்க, நீங்கதானேன்னு கேட்டான். நீங்களே ஏற்பாடு பண்ணி அனுப்பினதாத்தான் நெனச்சேன்.”

வண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. ஏறியதும் குடிக்கத் தண்ணீர் பாட்டில் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. குடிக்கவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவன், ஒரு மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினான். இருட்டிலிருந்து இன்னொருவன் வந்து ஏறினான். பையோடு பாஸ்போர்ட், போன் எல்லாம் போயிற்று. அவளை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

“டிரைவர் எப்படி இருந்தான்?”

“குண்டா இருந்தான். தொப்பியை இழுத்து விட்டிருந்தான். மூஞ்சி சரியாத் தெரியல.”

கண்ணாடி அக்கா மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தாள். காரணம், நேற்று அந்தப் பெண் கிளம்பிய கையோடு அவள் தன் தம்பிக்குப் போன் போட்டிருந்தாள். விதிப்படி அப்படிச் செய்யக்கூடாதுதான். தனியாக வந்த பெண்கள், தள்ளாத வயதுக்காரர்கள் என்றால் மட்டும் செய்வாள். ‘சின்னவனே, பச்சைப் பையோட ஒரு பொண்ணு, இந்த ஹோட்டல், பாட்டு முடிஞ்சதும் ஸ்டாண்டுக்கு வரும், நீயே கூட்டிட்டுப் போயிடு’ என்று சொன்னாள். ‘ஏர்போர்ட் பக்கம் இருக்கேன் அக்கா, வரமுடியாது’ என்று அவன் சொன்னான்.

பச்சைப் பை, ஹோட்டல் பெயர், ஸ்டாண்டு. மூன்றையும் சேர்த்து அவள் சொன்னது ஒரே ஆளிடம்.

மையத்துக் காவலாளியிடம் நர்ஸைப் போலீஸில் புகார் கொடுக்க அழைத்துப்போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவளுக்கு அன்று வேலையே ஓடவில்லை. வெளியே வழக்கம்போல் போட்டோக்காரர் தன் ஸ்டூலை அறைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவுக்கு வருகிறவர்களைப் படம் பிடித்து அந்த இடத்திலேயே அச்சுப் போட்டுக் கொடுப்பவர். வந்த புதிதில் அவரை அவள் துருவித் துருவி விசாரித்து, உரிமச் சீட்டுவரை வாங்கிப் பார்த்துவிட்டாள். எல்லாம் சரியாக இருந்ததால் அதோடு விட்டாள். அவரும் மனதில் வைத்துக்கொள்ளாமல் தினமும் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். இன்றும் டீ வந்தது. ஆறிப்போய் ஆடை கட்டியது.

அடுத்த வாரமே இன்னொன்று நடந்தது. கல்யாண நாளைக் கொண்டாட வந்த வயதான கணவன் மனைவி. இருவரும் கை கோத்துக்கொண்டு வந்து, மெதுவான பாட்டு எங்கே நடக்கும் என்று கேட்டார்கள். அன்றைக்கும் அவள் தம்பிக்குப் போன் போட்டாள். இந்த முறை வண்டிக்காக இல்லை, அவன் வாயைக் கிளற.

“எங்கடா இருக்க?”

“பாலத்து மேல. நல்ல நெரிசல்.”

நெரிசலில் ஒரு ஹாரன்கூட அடிக்காதா? போனில் கேட்டது மின்விசிறி சுற்றுகிற கடகட சத்தம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் சுற்றுகிற விசிறிக்குத்தான் அந்தக் கடகட உண்டு. இருந்தாலும் தான் சந்தேகப்படுவது அவனுக்குத் தெரிந்துவிடக்கூடாதென்று, வழக்கம்போல் அந்த இருவரின் ஹோட்டலை அவனிடம் சொல்லிவைத்தாள். சொல்லும்போதே நாக்கு கூசியது.

அந்தக் கணவன் மனைவி மறுநாள் காலையில் ஒரு பூங்கா பெஞ்சில் தூங்கிக் கிடந்தார்கள். டிரைவர் கொடுத்த தண்ணீரைக் குடித்ததுவரைதான் அவர்களுக்கு நினைவு இருந்தது. கைவிரலில் கிடந்த கல்யாண மோதிரங்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வீட்டிலேயே வேவு பார்க்கத் தொடங்கினாள். அவன் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வருகிறேன் என்று சொன்ன இரவில், வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஏதோ செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து பானெட்டில் கையை ஊன்றினாள். சில்லென்று இருந்தது. வண்டி ஓட்டும்போது முன்னைப்போல் அவன் வளவளவென்று பேசுவதில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை முன்னால் நீட்டி, ஊர்ந்து ஊர்ந்து போனான். எதிரே வண்டி வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். யாரோ தன்னை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று பயப்படுகிறவன் அப்படித்தான் இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

தம்பி மனைவியிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தாள்.

“போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் ஏர்போர்ட் போனானா?”

காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கத்தி நின்றது. “ஏர்போர்ட்டா? ஆமாக்கா, ஏர்போர்ட்டுன்னுதான் சொன்னாரு.”

“சொன்னாரா, போனாரா?”

“ரெண்டும் ஒண்ணுதானேக்கா.” முகத்தை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்துதான் மறைக்கிறார்கள் என்று அன்றைக்கு உறுதியாயிற்று. எதை மறைக்கிறார்கள் என்பது மட்டும்தான் மிச்சம். அதையும் ஒருநாள் அவள் கண்ணாலேயே பார்த்தாள். பார்த்துவிட்டதாக நினைத்தாள்.

அன்று மின்கோளாறு காரணமாக மையத்தை அரை மணி முன்னதாகவே மூடச் சொல்லிவிட்டார்கள். போன் போடாமலே ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். ஸ்டாண்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் வைக்கிற சந்து ஒன்று உண்டு. பயணிகள் யாரும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று அவளே நூறு முறை சொல்லியிருக்கிறாள். அந்தச் சந்தில் விளக்கை அணைத்துவிட்டு நின்றது தம்பியின் வண்டி. உள்ளே அவன், தொப்பியோடு. தலையை இருக்கையில் சாய்த்துக்கொண்டு எதையோ செய்துகொண்டிருந்தான்.

கண்ணாடியைத் தட்டினாள். அவன் துள்ளி விழுந்தான். கையில் இருந்த சின்ன பாட்டிலை மூடி உள்ளங்கைக்குள் மறைத்தான். மறைப்பதற்கு முன் அவள் பார்த்துவிட்டாள். விரல் நீளம்கூட இல்லாத, சொட்டுச் சொட்டாக விடுகிற பாட்டில். மேலே ஒட்டியிருந்த சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது.

“என்னடா அது?”

“ஒண்ணுமில்லக்கா. ஏறு, போலாம்.”

அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். கிளாஸில் இரண்டு சொட்டு விட்டால் போதும், யானைகூடச் சாய்ந்துவிடும் என்று வருகிறவர்களிடம் சொல்கிற அவளுக்கு, அந்தச் சொட்டு எந்தக் கடையிலிருந்து வந்திருக்கும் என்பதையும் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் வீட்டிலேயே இருக்கிறாளே.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள், சொல்வதா வேண்டாமா என்று தயங்கியபடி போலீஸ் நிலையம்வரை போனவள், அந்த வயதான அம்மா வராந்தாவில் வெறும் விரலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். நேராக இன்ஸ்பெக்டரின் அறைக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் அவள் வயதுப் பெண்மணிதான். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். “கூடப் பொறந்த தம்பியா?” என்று ஒரு முறை கேட்டார்.

“ஒரே தம்பி, மேடம்.”

“அவர்கிட்டக் கேட்டுப் பாத்தீங்களா?”

“கேட்டா சொல்லிடுவானா?”

மறுநாள் காலையிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல், போலீஸ்காரர் கைபிடித்து ஏற்ற, படியில் தடுக்கியபடி ஜீப்பில் ஏறினான். தம்பி மனைவி தெருவில் நின்று அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். கண்ணாடி அக்கா ஜன்னலைவிட்டு நகர்ந்துகொண்டாள்.

நிலையத்தில் நடந்ததை இன்ஸ்பெக்டர் அன்று மாலை போனில் சொன்னார். முதலில் அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னானாம். பாட்டில் என்ன என்று கேட்டதற்கு, என் கண்ணுக்குப் போடுகிற மருந்து என்றானாம். சீட்டை ஏன் கிழித்தாய் என்றதற்குப் பேச்சில்லையாம். “உங்க அக்காதான் புகார் சொன்னாங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் வாயே திறக்கல. அக்காவே சொன்னாங்களா, அப்ப அவங்க சொன்னபடியே எழுதிக்கோங்கன்னு மட்டும் சொன்னான். பாட்டிலைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். பாக்கலாம்.”

சொன்னபடியே எழுதிக்கோங்க என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்றா, கை கழுவிவிட்டான் என்றா? அவளுக்குப் பிடிபடவில்லை. வேலைக்குப் போகாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் போனாள்.

அன்று வந்தவர்களில் ஒருவர் கப்பலில் சமையல்காரராக இருப்பவர். ஒரு நாள் மட்டும் கரையில் தங்குகிறவர், ஆள் ஜாலியானவர். எந்த நடன அரங்கில் வயதானவர்களையும் உள்ளே விடுவார்கள் என்று கேட்டுச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்காமலே வழி சொன்னாள், எச்சரிக்கைகளைச் சொன்னாள், ஹோட்டலைக் கேட்டாள். அன்றைக்கு அவள் போனைத் தொடவில்லை. தொட்டாலும் எடுக்க ஆளில்லை.

மையத்தை மூடுகிற நேரத்தில் அந்தச் சமையல்காரர் திரும்பி வந்தார். சட்டை கிழிந்து, முழங்கை சிராய்ந்து ரத்தம் வழிந்தது. அவர் அறைக்குள் வரவில்லை. தள்ளியே நின்றார்.

“உள்ள வாங்க, மருந்து போடுறேன்” என்றாள்.

“வேண்டாம்மா. நான் இங்கயே நிக்கிறேன்.” அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஸ்டாண்டுல ஒருத்தன் வந்தான். கண்ணாடி அக்கா அனுப்பினாங்க, சிவப்புச் சட்டைக்காரர் நீங்கதானேன்னான். ஹோட்டல் பேரு சொன்னான். ஏறினேன். தண்ணி குடி, தண்ணி குடின்னு விடாம நச்சரிச்சான். சமையல்காரனுக்கு மூக்குதாம்மா கண்ணு. மூடியைத் திறந்தேன், வாசனை சரியில்ல. சிக்னல்ல கதவைத் திறந்து குதிச்சிட்டேன்.” “நான் இந்த ஊர்ல என் ஹோட்டல் பேரைச் சொன்னது உங்க ஒருத்தர்கிட்டதான்” என்றார்.

தம்பி நிலையத்தில் இருக்கிறான். அப்படியென்றால் அவன் இல்லை. அந்த நினைப்பு நெஞ்சில் இறங்கி முடிவதற்குள், எதிரே நிற்கிற மனிதரின் பார்வை அவளைக் குத்தியது. அவர் தன்னைச் சந்தேகப்படுகிறார். தான் பச்சைப் பையையும் ஹோட்டலையும் கூட்டிக் கழித்துத் தம்பிமேல் கொண்டுபோய் வைத்தாளே, அதே கணக்கு. இம்மி பிசகவில்லை.

“நானில்லைங்க” என்றாள். சொல்லும்போதே அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பலமில்லை என்று தெரிந்தது.

முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளே வெளியே போனாள். வேலை நேரத்தில் அவள் அறையைவிட்டு வெளியே வருவதே கிடையாது. அவளுக்குப் பதிலாகக் காவலாளி உள்ளே போய் உட்கார்ந்தார். அவளை நடைபாதையில் மண்டியிட வைத்துப் பஞ்சால் துடைக்கச் சொல்கிறோமே என்று சமையல்காரருக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும், கையை நீட்டினார்.

அந்த நேரம் ஒரு ஜோடி கண்ணாடி அருகே வந்து ஏதோ கேட்டது. காவலாளி மைக்கில் பதில் சொன்னார்.

“நீங்க எந்த ஹோட்டல்ல தங்கியிருக்கீங்க?”

பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி அந்தக் குரல் தெருவில் விழுந்தது. வெளியே நிற்பவர்கள் சொல்கிற பதில் உள்ளே இருப்பவருக்கு மட்டுமே கேட்கும் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஆனால் காவலாளி, அவளைப் போலவே, சரியாகக் கேட்டோமா என்று அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். அதுவும் தெருவில் விழுந்தது. பக்கத்து பார் பாட்டின் இரைச்சலில் வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று, ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டச் சொல்லி ஆளை வரவழைத்தது அவள்தான்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். கையெட்டும் தூரத்தில் ஸ்டூல். அதில் போட்டோக்காரர். அவர் அந்த ஜோடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்கினார். படம் அச்சாகி வருவதற்குள் போனை எடுத்து, அதிலும் அவர்களை ஒரு படம் பிடித்து, எதையோ அழுத்தினார்.

கட்டுப் போடுகிற அவள் கை ஒரு கணம் நின்று, மறுபடி சுற்றியது.

“என்னக்கா, காயம் பலமா?” என்றார் போட்டோக்காரர்.

“சிராய்ப்புதான்” என்றாள். “உங்களுக்கு இன்னைக்கு வியாபாரம் எப்படி?”

“பரவால்லக்கா. உங்க புண்ணியம்.”

கட்டை முடித்துவிட்டு உள்ளே போனாள். காவலாளியை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, அந்த ஜோடியை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். அப்புறம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். கண்ணாடி அறையில் இருந்துகொண்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் சாதாரண உடையில் இரண்டு பெண் போலீஸ் வந்து, வெளியூர்க்காரர்கள் மாதிரி அவளிடம் வழி கேட்டார்கள். அவளும் வழக்கம்போல் எச்சரித்து, ஹோட்டலைக் கேட்டு, சத்தமாகத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். ஸ்டாண்டில் ஒரு குண்டு டிரைவர் வந்து ‘கண்ணாடி அக்கா அனுப்பினாங்க’ என்றான். அவனை அங்கேயே மடக்கினார்கள். போட்டோக்காரர் ஸ்டூலை மடக்குவதற்குள் அவரையும் மடக்கிவிட்டார்கள். மேம்பாலத்துக்காரன் அன்றிரவே அகப்பட்டான். அந்த வயதான அம்மாவின் மோதிரம் கிடைத்தது. கணவருடையது கிடைக்கவில்லை.

பாட்டிலைப் பரிசோதித்துவிட்டு வந்த பதிலை இன்ஸ்பெக்டரே அவளிடம் சொன்னார். “வெறும் கண் மருந்துதாம்மா. அவர் முதல்லயே சொன்னார், நாங்கதான் நம்பல.”

அவனைக் கூட்டிவர அவளும் தம்பி மனைவியும் போனார்கள். நிலையத்து வராந்தாவில் காத்திருக்கும்போதுதான் தம்பி மனைவி வாயைத் திறந்தாள்.

“அவருக்குக் கண்ணுல அழுத்தம்க்கா. ரொம்ப நாளா இருக்கு. பகல்ல தெரியுது, ராத்திரியில எதிர் வண்டி வெளிச்சம் பட்டா எல்லாம் கலங்கிப்போகுது. இருட்டினப்புறம் வண்டி தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனாலதான் சாயங்காலமே வந்து வீட்ல படுத்துக்குவாரு. நீங்க போன் பண்ணா அங்க இருக்கேன் இங்க இருக்கேன்னு சொல்லுவாரு. வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்னு சீட்டைக்கூட கிழிச்சிட்டாரு.”

“ராத்திரி வண்டி தொடக்கூடாதுன்னா, அப்ப என்னை...”

“உங்களுக்காக மட்டும்தான் எடுப்பாரு. வெளிச்சம் இருக்கும்போதே கொண்டுபோய் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போட்டுட்டு, ஆட்டோ புடிச்சு வந்துடுவாரு. நீங்க முடிக்கிற நேரத்துக்கு மறுபடி போவாரு. வேணாங்க, ஆபத்துங்கன்னு நான் அழுதே பாத்துட்டேன். அக்கா வேற எவன் வண்டியிலயும் ஏறமாட்டாளேன்னு சொன்னாரு.”

கண்ணாடி அக்கா தினமும் அந்தப் பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இந்த ஊரிலேயே பத்திரமான வண்டி இதுதான் என்று நினைத்து உறங்கிப்போயிருக்கிறாள். முன்சீட்டில் ஒருவன் எதிர் வெளிச்சத்தில் கண் கலங்க, வழியைத் தடவித் தடவி ஓட்டியிருக்கிறான்.

சின்னவன் வெளியே வந்தான். அவளைத் தாண்டி நடந்து, மனைவியின் தோளில் கை வைத்துப் படி இறங்கினான்.

வீட்டில் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவன் அவளோடு பேசவில்லை. அவள் கூடத்துக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். ஒருநாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எழுந்து போகமுடியாத அந்த நேரம் பார்த்து, எதிரே போய் உட்கார்ந்தாள்.

“தப்புதாண்டா” என்றாள்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “சந்தேகப்பட்டதுக்குக் கோவமில்ல. நீ பாலையே சந்தேகப்படுறவ” என்றான். “ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டேனே. என்னடா அதுன்னு கேட்டேன். நீ ஒண்ணுமில்லன்னியே.”

அவள் ரசக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள், அவன் ஊற்றிக்கொண்டான்.

அவனே போய் அதிகாரிகளிடம் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டான். பகலில் மட்டும், டாக்டர் விடுகிறவரைக்கும் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மையத்தில் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, வருகிறவர்களை உள்ளே உட்காரவைத்துப் பேச ஒரு நாற்காலி போட்டார்கள்.

அவள் ஸ்டாண்டு வரிசையில் நிற்கத் தொடங்கினாள். முதல் நாள் ‘எங்கம்மா போகணும்?’ என்று டிரைவர் கேட்டதற்கு, வீட்டு முகவரியைச் சொல்லாமல் இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். அங்கே இறங்கி, வண்டி கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு, பிறகு நடந்தாள். ரொம்ப நாள் அப்படியே போயிற்று.

ஒரு நாள் மழை கொட்டித் தீர்த்தது. வண்டி ஓட்டியவர் தன் மகளுக்குப் பல்வலி என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். அவள் பாதியைக் காதில் வாங்கினாள், மீதி நேரம் திருப்பங்களைக் கவனித்தாள். பள்ளிக்கூடத்தின் முன்னால் முழங்கால் அளவு தண்ணீர். டிரைவர் திரும்பி, “இங்க எப்படிம்மா இறங்குவீங்க?” என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவள் வீட்டைச் சொன்னாள்.

வாசலில் இறங்கி வண்டி போனதும் கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. சின்னவன் நின்றிருந்தான்.

“எந்த வழியா கூட்டிட்டு வந்தான்?”

“பாலத்து வழியா.”

“அது சுத்து வழி. கீழ் ரோட்டுல வந்தா பாதி நேரம்தான். உன்னை நல்லா ஏமாத்திட்டான்.”

கீழ் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது என்று மாலையிலேயே அவளுக்குச் செய்தி வந்திருந்தது.

“ஏமாத்திட்டான்போல” என்றாள்.

“நாளைக்கு ஏறும்போதே சொல்லிடு, கீழ் ரோட்டுல போன்னு. இவனுங்களை நம்பவே கூடாது.”

“சரிடா” என்று சொல்லிவிட்டு, நனைந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.